பந்து தரையைத் தொடக் கூடாது!

தொலைக்காட்சியில் வாலிபால் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். ஓர் அணிக்கு ஆறு பேர். அதில் ஐந்து பேர் ஒரே நிறச் சட்டை போட்டிருக்க, ஒருவர் மட்டும் வேறு நிறத்தில் நிற்பார். "அவருடைய சட்டை மட்டும் காயலையா தாத்தா?" என்று என் பேரன் கேட்டான்!

அவர்தான் 'லிபரோ'. இத்தாலிய மொழியில் இதற்குச் 'சுதந்திரமானவர்' என்று பொருள். ஆனால் அவருக்கு இருக்கும் தடைகளைக் கேளுங்கள். அவர் சர்வீஸ் போடக் கூடாது. வலையோரம் எம்பிக் குதித்துப் பிளாக் செய்ய முயலவும் கூடாது. வலையைவிட உயரத்தில் இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. அதாவது ஸ்மாஷ் கிடையாது, புள்ளி எடுக்க அநேகமாக வழியே கிடையாது. அவருக்கு ஒரே வேலைதான். எதிரணி அடிக்கும் பந்து தரையைத் தொடாமல் காப்பாற்ற வேண்டும்.

பிறகு எங்கே சுதந்திரம்? உள்ளே வருவதிலும் வெளியே போவதிலும்தான்! மற்ற ஆட்டக்காரர்களை ஒரு செட்டுக்கு ஆறு முறைதான் மாற்றலாம். லிபரோவுக்கு அந்தக் கணக்கு இல்லை. பின்வரிசையில் நிற்கும் யாருக்குப் பதிலாகவும் உள்ளே வரலாம். ஒரு பந்து ஆடி முடிந்ததும் வெளியேறலாம், மறுபடி வரலாம். இதை நடுவர் எளிதாகக் கவனிக்கத்தான் அந்த வேறு நிறச் சட்டை.

வாலிபால் 1895-ல் அமெரிக்காவில் பிறந்த ஆட்டம். லிபரோ வந்ததோ 1998-ல்தான். உயரமானவர்கள் ஓங்கி அடிக்க அடிக்க, ஆட்டம் இரண்டு மூன்று தட்டிலேயே முடிந்துபோனது. பார்ப்பவர்களுக்குச் சலிப்பு. பந்து இன்னும் கொஞ்ச நேரம் காற்றில் இருக்கட்டும் என்றுதான் சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு இந்த விதியைக் கொண்டுவந்தது. குள்ளமானவர்களுக்கு ஒரு கதவு திறந்தது என்றும் சொல்லலாம்.

எங்கள் காவேரிப்பட்டினம் பக்கம் சாயங்காலமானால் வாலிபால் ஆடும் திடல்கள் உண்டு. ஓசூர்க் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கும் அண்ணன்மார்கூட, முகம் கழுவிவிட்டு ஒரு செட் ஆட வந்துவிடுவார்கள். ஆனால் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். வரிசையில் நிற்கவைத்து உயரம் பார்ப்பார்கள். குட்டையானவர்களிடம், "நீ போய்ப் பந்து பொறுக்கிப் போடு" என்பார்கள்.

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார்கள். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்று ஒரு வருடம் பந்து பொறுக்கினாள். அந்த இடம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? எதிர்ப்பக்கம் அடிப்பவரின் தோள், கை, கண் எல்லாம் அங்கிருந்துதான் நேராகத் தெரியும். தினமும் பார்த்துப் பார்த்து, பந்து எந்த மூலைக்கு வரும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அடி விழுமுன்பே அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவாள். அதை உடற்கல்வி ஆசிரியர் கவனித்தார். மறுவருடம் அவள்தான் லிபரோ. தனிச் சட்டை வாங்கப் பணமில்லை. அவளுடைய அண்ணனின் மஞ்சள் பனியன் முழங்கால் வரை தொங்க ஆடினாள்!

பந்து அடிபட்ட பிறகு ஓடினால் ஏன் எடுக்க முடியாது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? ஆடுகளத்தின் நீளம் 18 மீட்டர். பெரிய வீரர்கள் குதித்துப் போடும் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டுவது உண்டு. அப்படியானால் விநாடிக்கு 33 மீட்டருக்குமேல். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அரை விநாடிதான்! வலையோரத்திலிருந்து அடிக்கும் ஸ்மாஷுக்கு இன்னும் குறைந்த நேரம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் 7 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கால் விநாடியில் வந்துவிடும். கண் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு கைக்குச் சொல்லவே ஐந்தில் ஒரு விநாடி ஆகிவிடுகிறது. மீதி எங்கே இருக்கிறது ஓட?

ஆகவே லிபரோவின் ஆட்டம் பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் கண். பலரும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து செட்டரின் கையைவிட்டு மேலே போனதும், அது வலைக்குப் பக்கமா, தள்ளியா என்று ஒரு பார்வை போதும். வலையை ஒட்டி இருந்தால் கீழ்நோக்கி ஓங்கி அடி வரும். தள்ளியிருந்தால் பந்து நீண்டு, பின்கோட்டுப் பக்கம் வரும். உடனே கண்ணை அடிப்பவரின் தோளுக்கும் கைக்கும் மாற்றுங்கள். தோள் திரும்பும் பக்கம்தான் பெரும்பாலும் பந்து. வேகமாக வந்த கை திடீரென்று தளர்ந்தால் ஏமாற்றித் தட்டப்போகிறார் என்று அர்த்தம். ஓர் எட்டு முன்னால் வாருங்கள்.

அடுத்து, நிற்கும் இடம். தெருவிளக்கின் முன் நின்றால் நமக்குப் பின்னால் நிழல் விழுகிறது அல்லவா? அடிப்பவரை விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அணியில் பிளாக் செய்யக் குதிப்பவர்களின் கைகளுக்குப் பின்னால் ஒரு 'நிழல்' உண்டு. அந்த இடத்துக்கு ஓங்கிய அடி வராது. அங்கே போய் நிற்பது வீண். வெளிச்சம் விழும் இடத்தில் நில்லுங்கள். அடிப்பவர் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். தெரியவில்லை என்றால் நகருங்கள்! இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒருநாள் திடலில் நின்று பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும்.

பிறகு கால். பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலை மடக்கி, குதிகாலில் எடை இல்லாமல் நில்லுங்கள். அடிக்கிற அந்த நொடியில் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் வேறு பக்கம் திரும்ப முடியாது.

கையைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் கையைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்! இரண்டு கைகளையும் சேர்த்து, கட்டைவிரல்களை ஒட்டி வைத்து, முழங்கையை நேராக நீட்டுங்கள். மணிக்கட்டுக்கு மேலே உள்ள சமதளத்தில் பந்து பட வேண்டும். கண்ணாடியில் ஒளி படுவதுபோலத்தான். அந்தச் சமதளம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பந்து போகும். வேகமாக வரும் பந்துக்குக் கையை வீசாதீர்கள், சும்மா காட்டினால் போதும். மெதுவாக வரும் பந்தைக் கால்களால் எழும்பித் தூக்குங்கள். முதல் வாரம் முன்கை சிவந்து எரியும். அம்மா திட்டுவார்கள். பிறகு பழகிவிடும்.

வாயும் வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழுந்து, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? யார் எடுப்பது என்று யாரும் கத்தாததால் வருவது அது. எங்கள் எல்லைப்பக்கத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே அணியில் ஒருவன் "என்னுது!" என்பான், தெலுங்கு வீட்டுப் பையன் "நாதி!" என்பான், கன்னடம் பேசுபவன் "நந்து!" என்பான். எந்த மொழியானாலும் சரி, ஆட்டம் தொடங்குமுன் ஒரே சொல்லை முடிவுசெய்துகொள்ளுங்கள். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்ப்பவர் லிபரோ. ஆகவே அதிகம் கத்த வேண்டியவரும் அவரே.

இனி, விழுவது. இதில் உலகத்துக்கே பாடம் சொன்னவர்கள் ஜப்பான் நாட்டு மில் தொழிலாளிப் பெண்கள். கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ நூற்பாலையில் வேலை செய்தவர்கள். பகலில் வேலை, அது முடிந்ததும் இரவு வெகுநேரம் வரை பயிற்சி. பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு அவர்களுக்கு ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்தார். எட்டாத பந்தைப் பாய்ந்து எடுத்து, விழுந்த வேகத்திலேயே தோள்வழியாக உருண்டு, அடுத்த நொடி எழுந்து நின்றுவிட வேண்டும். விழுந்தவர் கிடந்தால் அணியில் ஐந்து பேர்தானே? 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெரும்பாலும் அந்த மில் பெண்களே நிறைந்த ஜப்பான் அணி, சோவியத் அணியை 3-0 என்று வென்று தங்கம் பெற்றது. அந்தப் பயிற்சி மிகக் கடுமையானது. பிள்ளைகளை அப்படி வாட்டுவதை நான் ஒப்பமாட்டேன். உருளும் வித்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதையும் சரளைக்கல் மைதானத்தில் முயலாதீர்கள்! மணல் குவியலிலோ வைக்கோல் பரப்பியோ, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து உருண்டு பழகுங்கள். தொலைக்காட்சியில் வீரர்கள் மார்பு தரையில் வழுக்கும்படி பாய்வது மரத்தளம் போட்ட உள்ளரங்கில். நம் செம்மண் திடலில் பாய்ந்தால் தோல்தான் உரியும்.

பிரேசில் நாட்டின் செர்ஜியோ டூட்ரா சான்டோஸ் லிபரோவாகவே ஆடி நான்கு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றவர். 2004-லும் 2016-லும் தங்கம், 2008-லும் 2012-லும் வெள்ளி. 2016-ல் ரியோவில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அப்போது வயது 40! ஜப்பானின் யூகோ சானோவின் உயரம் 159 சென்டிமீட்டர்தான். உங்களில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிலர் அவரைவிட உயரமாக இருப்பீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் அணி வெண்கலம் வென்றது.

நம் நாட்டிலும் உண்டு. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முந்தைய போட்டியில் வெள்ளி வென்றிருந்த தென்கொரியாவை இந்திய ஆண்கள் அணி 3-2 என்று தோற்கடித்தது. கடைசிச் செட் 17-15. இரண்டே புள்ளி வித்தியாசம்! அந்த அணியில் உக்கிரபாண்டியன், முத்துசாமி போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் இருந்தார்கள். லிபரோ நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் ஹரிபிரசாத். அடித்த புள்ளிகளின் பட்டியலில் லிபரோவின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் இரண்டு புள்ளியில் முடிகிற ஆட்டத்தில், தரையில் விழாமல் எழுந்த ஒவ்வொரு பந்தையும் யார் எடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பயிற்சிக்கு வலைகூட வேண்டாம். ஒரு சுவர் போதும். மூன்று எட்டு தள்ளி நின்று பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை முன்கையால் மறுபடி சுவருக்கே அனுப்புங்கள். தரையில் விழாமல் எத்தனை என்று எண்ணுங்கள். முதல்நாள் ஐந்து வந்தாலே அதிகம். ஐம்பது வந்ததும், உங்களுக்கு முதுகுப்பக்கம் நின்று நண்பன் ஒருவன் பந்தைச் சுவரில் எறியட்டும். அவன் எந்தப் பக்கம் எறிவான் என்று தெரியாமல் எடுத்துப் பழகுங்கள். உங்கள் பகுதிப் பள்ளிப் போட்டிகளில் லிபரோவுக்கு இடம் உண்டா என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கும் நாளில் பந்து பொறுக்கச் சொன்னால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எல்லைக்கோட்டுக்குப் பின்னால், நடுவில், அடிப்பவரின் தோள் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.