ஆயிர மசலாவில் வினாவும் வேதமும்

சமய நூலொன்று தன் பொருளை எவ்வளவைகொண்டு நிறுவுகின்றது என வினவுதல் தமிழறிஞர்க்குப் பழகிய நெறியாகும். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் பிற அளவைகளெல்லாம் அடங்கும் என்பது சிவஞான சித்தியார் கொள்கை. இந்நெறி கொண்டு ஆராயத்தக்க இஸ்லாமியத் தமிழ் நூல் ஆயிர மசலா.

வண்ணப்பரிமளப் புலவர் இயற்றி மதுரையில் 1572-இல் அரங்கேற்றிய இந்நூலுக்கு அதிசய புராணம் என்னும் பெயரும் உண்டு. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் காலத்தால் முற்பட்டது இதுவே. 'மசலா' என்பது வினாவைக் குறிக்கும் அரபுச் சொல். அப்துல்லா இப்னு சலாம் என்னும் யூத அறிஞர், நபிகள் நாயகத்தை அணுகிப் படைப்பு, துறக்கம், நரகம், மறுமை முதலியன குறித்து வினவி, விடைகேட்டுத் தெளிந்து இஸ்லாத்தைத் தழுவுவதே இதன் பொருள். அரபியில் தோன்றிய இவ்வரலாறு பாரசீகம், மலாய், சாவகம் முதலிய மொழிகளிலும் பரவிற்று. 12-ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டது.

இதனை வெறும் சமய போதனை என ஒதுக்குவாரும், வினா மிகுதி கண்டு அறிவுவாத நூல் எனப் போற்றுவாரும் உளராகலாம். இவ்விரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. இதனைத் தெளிய இஸ்லாமிய மெய்யியலார் இருவரை நோக்குதல் வேண்டும்.

கசாலி (1058-1111) தருக்கத்தை விலக்கினாரல்லர். அதனைச் சமயக் கல்விக்கும் கருவியாக்கினார். உலகம் அநாதி, இறைவன் பொதுவையன்றித் தனிப்பொருள்களைத் தனித்தறியான், உடலோடு எழுதல் இல்லை என்னும் மூன்று கொள்கைகளையே சமயத்துக்குப் புறம்பானவையெனக் கடிந்தார். இப்னு ருஷ்து (1126-1198) அதனை மறுத்தார். ஆராய்ந்தறிதலை வேதமே விதிக்கின்றது. மெய் மெய்யோடு முரணாது. ஆகவே, நிறுவப்பட்ட முடிவோடு வேதத்தின் வெளிப்பொருள் மாறுபடின், அரபு மொழிமரபு பிறழாமல் உட்பொருள் காணல் வேண்டும் என்றார். இவ்வுரிமையை யாவர்க்கும் அன்றி, நிறுவல் முறையில் வல்லார்க்கே வழங்கினார்.

ஆயிர மசலாவின் நெறி இவ்விரண்டிலும் வேறானது. வினவுவார் பேதையல்லர், தௌராத் என்னும் முன்னை வேதத்தில் வல்லவர். கேட்ட விடையைத் தாம் கற்ற மறையோடு ஒத்துநோக்கியே உண்மையென உடன்படுகின்றார். ஈண்டு உரையை அளப்பது கருதலன்று, பிறிதோர் உரையே. விடையை முன்னரே அறிந்தார் வினவுதல் பயனின்றெனின், அற்றன்று: அவர் தேடியது விடையை மட்டுமன்று, விடை கூறுவாரின் தகுதியையுமாம். அத்தகுதியைத் துணியும் பொறுப்பு அறிவினுடையதே.

எனவே இந்நூலில் அறிவு வேதத்துக்கு நடுவரும் அன்று, ஏவலும் அன்று, சான்றை ஆய்ந்து ஏற்கும் கேள்வியாளர். ஐயுற்று வினவுவாரைப் பகைவராக்காது காப்பியத் தலைமாந்தருள் ஒருவராக்கியமை இந்நூலின் தனிச்சிறப்பு. வினா மிகுதியை அறிவின் ஆட்சியாகவோ, உடன்பாட்டை அறிவின் தோல்வியாகவோ கொள்ளாது கற்பார்க்கே இந்நூலின் அளவைமுறை புலப்படும்.