மாற்றிய டர்போ எஞ்சின் ஏன் விக்குகிறது?

கிளிவெட்டி வழியே ஓடும் ஏ15 வீதியில் சின்ன வான்கள் அதிகம். எஞ்சின் தேய்ந்தால், பலர் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சினை வாங்கிப் பொருத்துகிறார்கள். சுசுக்கி எவ்ரியின் 658 சிசி கே6ஏ டர்போ எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர். ஒன்று எரியாவிட்டால் வண்டி முழுதும் உதறும்.

முதற் கேள்வி, எப்போது விக்குகிறது என்பதே. நின்ற இடத்திலேயே உதறினால் காற்றுக் கசிவு, அடைபட்ட இன்ஜெக்டர், குறைந்த கம்பிரஷன் ஆகியவற்றில் சந்தேகம் வைக்கலாம். ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் பிளக் அல்லது கொயில். டர்போ காற்றை அமுக்கும்போது பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். தளர்ந்த கொயில் அங்கேதான் தோற்கும்.

எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எந்தச் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே குற்றவாளி. அதன் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பழுதும் கூடவே போனால் கொயில்தான். போகாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்பிரஷன். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதலாம் சிலிண்டர். பி0300 குறிப்பிட்ட சிலிண்டரைச் சுட்டாது.

மாற்றிய எஞ்சினுக்கே உரிய கோளாறுகள் வேறு. எர்த் வயர் சரியாக இறுக்கப்படாதது, இன்டர்கூலர் குழாயின் தளர்ந்த கிளிப் இரண்டும் அடிக்கடி காண்பவை. பார்க்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். டர்போ இல்லாத பழைய எஞ்சினின் கணினிப் பெட்டியை அப்படியே விடுவது இதைவிட ஆபத்து. அமுக்கிய காற்றுக்கேற்ற எரிபொருளை அது கொடுக்காது, பிஸ்டனே உருகலாம்.