முகக்கவசம் இரேடனைத் தடுக்குமா?

படுவான்கரையில் அறுவடை முடிந்த நாட்களில் ஓர் அரிசி ஆலைக்குள் சென்று பாருங்கள். உமித்தூசு வளியில் மிதந்துகொண்டிருக்கும். அங்கு வேலை செய்பவர் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியிருப்பார். மாலையில் அதை அவிழ்க்கும்போது துணியின் வெளிப்பக்கத்தில் தூசு மஞ்சளாகப் படிந்திருக்கும். அவ்வளவு தூசு அவருடைய நுரையீரலுக்குள் போகவில்லை என்பது கண்ணுக்கே தெரிகின்றது.

இனிப் பின்வரும் வினாவைக் கவனியுங்கள்.

"இரேடன் வாயு உள்ள அறையில் முகக்கவசம் அணிந்திருப்பவர் இரேடனைச் சுவாசிக்கமாட்டார்." இக்கூற்று சரியா, பிழையா? காரணம் தருக.

இதற்கு மாணவர் பெரும்பாலும் இரண்டு விதமாக விடையளிப்பர். ஒரு சாரார், "சரி. இரேடன் அல்பாத் துணிக்கைகளை வெளிவிடும். அல்பாத் துணிக்கையை ஒரு கடதாசியே தடுத்துவிடும். ஆகவே முகக்கவசமும் தடுக்கும்" என்பர். மறு சாரார், "பிழை. இரேடன் அணு மிகச் சிறியது. அது துணியின் துளைகளினூடாகச் சென்றுவிடும்" என்பர். முதலாவது விடை முற்றிலும் பிழை. இரண்டாவதில் முடிவு சரி, காரணம் போதாது.

முதலாவது விடையை எடுத்துக்கொள்வோம். கடதாசி அல்பாத் துணிக்கையைத் தடுக்கும் என்பது உண்மைதான். நமது தோலின் இறந்த மேற்படையும் அதைத் தடுக்கும். ஆனால் வெளியே இருந்து வரும் அல்பாத் துணிக்கை இங்கு பிரச்சினையே அல்ல. அதை வெளிவிடும் அணு மூச்சுடன் உள்ளே போய் நுரையீரலில் இருந்துகொண்டு வெளிவிடுவதுதான் பிரச்சினை. அங்கே இடையில் கடதாசியும் இல்லை, தடித்த தோலும் இல்லை. உயிருள்ள மென்மையான கலங்களே உள்ளன.

இரேடன் எங்கிருந்து வருகின்றது? எல்லா மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகத் தேய்ந்து இரேடியமாகி, இரேடியம் தேயும்போது இரேடன்-222 உண்டாகின்றது. இதன் அணுவெண் 86. நிறமோ மணமோ கிடையாது. வளியைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு அடர்த்தியானது. அரைவாழ்வுக்காலம் 3.8 நாட்கள். மூடிய போத்தலில் அடைத்துவைத்தால் 11.4 நாட்களில் எட்டில் ஒரு பங்கே எஞ்சும் (மூன்று அரைவாழ்வுக்காலங்கள் என்பதைக் கணித்துப் பாருங்கள்).

இரேடன் விழுமிய வாயுக்களுள் ஒன்று. அதன் வெளியோடு நிரம்பியிருப்பதால் அது எதனுடனும் இலகுவில் சேராது. மூச்சுடன் உள்ளே போகும் இரேடன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை அடுத்த மூச்சுடனேயே வெளியேறிவிடும். ஒரு மூச்சுக்குச் சில செக்கன்கள், அரைவாழ்வுக்கு 3.8 நாட்கள். அவ்விடைவெளிக்குள் நுரையீரலில் தேயும் அணுக்கள் மிகச் சில.

அப்படியாயின் ஆபத்து எங்கே? இரேடன் தேய்ந்த பின் உண்டாகும் மூலகங்களில். இரேடன்-222 ஓர் அல்பாத் துணிக்கையை இழந்து பொலோனியம்-218 ஆகின்றது. அதிலிருந்து ஈயம்-214, பிசுமத்து-214, பொலோனியம்-214 என்று தொடர் நீளும். இவை வாயுக்கள் அல்ல, திண்மங்கள். தூசு, புகை, சுவர், உடை என எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். சுவாசக் குழாயின் உட்சுவரிலும் அவ்வாறே ஒட்டும். இவற்றுள் முதல் மூன்றின் அரைவாழ்வுக்காலங்கள் முறையே ஏறத்தாழ 3, 27, 20 நிமிடங்கள். பொலோனியம்-214 தோன்றிய கணத்திலேயே தேய்ந்துவிடும். சீதமும் பிசிர்களும் இவற்றை வெளியே தள்ளுமுன் இவை அங்கேயே தேய்ந்துவிடும். பொலோனியத்தின் இவ்விரு வகைகளும் விடும் அல்பாத் துணிக்கைகளே கலங்களின் டீ.என்.ஏ.யைச் சிதைப்பவை.

இவை எவ்வளவு ஒட்டும் இயல்புடையவை என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 1984 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இலிமெரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஒரு பொறியியலாளர் கதிர்வீச்சு எச்சரிக்கை மணியை அடிக்கச் செய்தார். அந்நிலையம் அப்போது மின்னுற்பத்தியை ஆரம்பித்திருக்கவில்லை. ஆராய்ந்தபோது கதிர்வீச்சு அவருடைய வீட்டிலிருந்து உடையில் ஒட்டி வந்தது தெரியவந்தது. வீட்டினுள் இரேடனின் அளவு கனமீற்றருக்குச் சுமார் 1 இலட்சம் பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீடுகளுக்குப் பரிந்துரைத்த அளவு 100 பெக்கரல் என்பதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலத்தடி வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்கள் பொருத்திய பின்னரே அவ்வீடு வாழத் தகுந்ததாயிற்று.

இனி முகக்கவசத்துக்கு வருவோம். பலர் அதை அரிதட்டுப் போல நினைக்கின்றனர். துளையைவிடப் பெரியது தங்கும், சிறியது போய்விடும் என்பது அந்த நினைப்பு. 2020இல் கொவிட் காலத்தில் நாம் அறிந்துகொண்ட என்-95 வகைக் கவசம் அப்படி வேலை செய்வதில்லை. அதன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும், மின்னேற்றமும் கொண்டிருக்கும். துணிக்கைகள் நாரில் மோதினால் ஒட்டிவிடும். மிக நுண்ணிய துணிக்கைகள் வளி மூலக்கூறுகள் மோதுவதால் தாறுமாறாக அலைந்து நாரில் இன்னும் எளிதாக அகப்படும். பிடிப்பதற்கு மிகக் கடினமானவை 0.3 மைக்குரோமீற்றர் அளவைச் சூழ்ந்தவை. அவற்றிலும் குறைந்தது 95 சதவீதத்தை இவ்வகைக் கவசம் பிடிக்கும்.

ஆகவே இரேடன் தப்பிச் செல்வது சிறியது என்பதால் மட்டுமல்ல. அதைப்போலவே சிறிய பொலோனியம் அணு நாரில் மோதினால் ஒட்டிவிடுகின்றது. இரேடன் அணு மோதினாலும் ஒட்டாமல் விலகிவிடுகின்றது. ஆவர்த்தன அட்டவணையில் அது இருக்கும் இடமே இதற்குக் காரணம். புள்ளி பெறும் விடை இதுதான்: கூற்று பிழை. இரேடன் விழுமிய வாயுவாகையால் கவசத்தைக் கடந்து செல்லும். எனினும் முகத்துடன் நன்கு பொருந்திய கவசம், தூசில் ஒட்டிய இரேடன் தேய்வுப் பொருட்களில் பெரும்பகுதியைத் தடுத்து, நுரையீரல் பெறும் கதிர்வீச்சைக் குறைக்கும். கன்னத்துக்கும் கவசத்துக்கும் இடையே நீக்கல் இருந்தால் வளி அவ்வழியாகவே நுழையும் என்பதையும் எழுதலாம். கைக்குட்டை கட்டுவது போதாது.

ஜேர்மனியரான அக்ரிகோலா சுரங்கங்கள் பற்றி எழுதி 1556இல் வெளிவந்த நூலிலேயே, தூசைத் தவிர்க்கச் சுரங்கத் தொழிலாளர் முகத்திரை அணிவது கூறப்பட்டுள்ளது. அவ்வட்டாரத்துச் சுரங்கங்களில் பலர் நுரையீரல் நோயால் இளவயதில் இறந்தனர். ஷ்னீபேர்க் சுரங்கத் தொழிலாளரின் நோய் நுரையீரல் புற்றுநோய் என்று 1879இல்தான் தெரிந்தது. இரேடனின் பங்கு புலப்பட்டதோ இருபதாம் நூற்றாண்டில். இரேடன் 1988இல் மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருளாக வகைப்படுத்தப்பட்டது. புகைபிடிப்பவருக்கு இரேடனால் வரும் ஆபத்துப் பல மடங்கு அதிகம்.

கவசம் சுரங்கத்தில் சில மணி நேர வேலைக்கு உதவலாம். வீட்டில் உறங்கும்போது அதை அணிய முடியுமா? அங்கே தேவை காற்றோட்டம். வாவிக்கரையில் உள்ள நமது பழைய வீடுகளைப் பாருங்கள். சுவரின் மேற்பகுதியில் துவாரக் கற்கள், எதிரெதிரே யன்னல்கள், கூரைக்கும் சுவருக்கும் இடையே வெளி. கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் வீட்டு வளி மாறிக்கொண்டேயிருக்கும். மண்ணிலிருந்து வரும் இரேடன் தேங்க இடமில்லை. குளிரூட்டி பொருத்தி யன்னல்களை இறுக மூடிய புதிய அறையில் அப்படியல்ல. அங்கே நாளில் சில வேளையாவது யன்னலைத் திறந்துவிடுவது நல்லது.

இலங்கைக்கும் இத்துறையில் ஓர் இடமுண்டு. பலாங்கொடைப் பகுதியில் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்த கனியத்துக்கு 1904இல் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது. அதில் தோரியம் மிகுதி. ஒட்டோ ஹான் 1905இல் இலண்டனில், இலங்கைத் தோரியனைற்றிலிருந்தே கதிர்த்தொழிற்பாடுடைய ஒரு புதிய பொருளைப் பிரித்தார். தோரியத் தொடரிலும் இரேடன் உண்டு. அது இரேடன்-220, அதாவது தோரன். அரைவாழ்வுக்காலம் 55.6 செக்கன் மட்டுமே. புல்மோட்டையின் கறுப்பு மணலிலும் தோரியம் கொண்ட மொனசைற்று சிறிதளவு உள்ளது.

பயிற்சி

1. ஒரு கொள்கலத்தில் தோரன் மட்டும் அடைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 223 செக்கன்களின் பின் தொடக்க அளவில் எத்தனையில் ஒரு பங்கு எஞ்சும்?

2. மொனசைற்று கலந்த உலர் மணலை அரிக்கும் தொழிலாளி ஒருவருக்கு, இரேடன் தேங்கிய மூடிய அறையில் வெறுமனே அமர்ந்திருப்பவரைவிட முகக்கவசம் ஏன் கூடுதலாக உதவும்? மணற்தூசு, தோரன் ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி விளக்குக.