கழுத்தில் ஒரு மணி

மாட்டுக்குக் கழுத்தில் மணி கட்டுவது உண்டு. கோயில் யானைக்கும் கட்டுவது உண்டு. 81 வயதான நம் பெரியம்மாவுக்கு மணி கட்டும் காலம் வரும் என்று நாம் கனவிலும் நினைத்ததில்லை.

பெரியம்மா கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டில் தனியே வசிக்கிறார். பிள்ளைகள் இருவரில் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார்; மற்றவர் அமெரிக்காவில். நாமோ தஞ்சாவூரில் பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டவர். சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு, கொல்லைப்புறக் குழாயடியில் பெரியம்மா வழுக்கி விழுந்தார். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார், மார்கழி மாதத்து ஒலிபெருக்கி அவர் குரலை விழுங்கிவிட்டது. கைப்பேசி கூடத்தில் மின்சாரம் ஏற்றிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. 7 மணிக்கு வந்த பால்காரர், கதவைத் தட்டிப் பதில் வராமல் போகவே, சுவரேறிக் குதித்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

இரண்டு மணி நேரம் என்ன பிரமாதம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணினோம். வைத்தியர் கண்ணைத் திறந்தார். வயோதிகர் ஒரே பக்கமாக வெறுந்தரையில் நெடுநேரம் கிடந்தால், உடலின் பாரத்தினாலேயே தசைகள் நசுங்கிச் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். குளிர், தாகம், படுக்கைப் புண் எல்லாம் வேறு. விழுந்ததைவிட, விழுந்து கிடந்ததே பலருக்கு எமனாகிவிடுகிறது என்றார்.

ஆகவே மணி வாங்கப் புறப்பட்டோம். இந்த மணிக்கு நாக்குக் கிடையாது; ஒரு பொத்தான்தான் உண்டு. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற மனோதத்துவ நிபுணர் 1974-ல் இதற்கென்றே 'லைஃப்லைன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கழுத்திலுள்ள பொத்தானை அழுத்தினால், வீட்டுத் தொலைபேசி தானாகவே ஒரு நிலையத்தை அழைக்கும். அங்கே இரவு பகலாகக் காத்திருப்பவர்கள் உறவினரையோ ஆம்புலன்ஸையோ அனுப்புவார்கள். ஜப்பானியரின் யுக்தி இன்னும் விசித்திரமானது. அங்கே ஸோஜிருஷி நிறுவனத்தார் 2001-ல் தேநீருக்கு வெந்நீர் வைக்கும் மின்சாரப் பாத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். பாட்டியார் வெந்நீர் எடுத்தாரா என்ற செய்தி நாள்தோறும் மகனுக்குப் போய்ச் சேரும்! காப்பி டவராவில் இதைப் பொருத்த முடிந்தால் தஞ்சை ஜில்லாவில் நல்ல வியாபாரம் ஆகும்.

நமக்குக் கிடைத்தவை மூன்று வகை. முதலாவது, பொத்தான் ஒன்றும் அதற்குப் பதில் சொல்லும் அழைப்பு மணி ஒன்றும் கொண்டது. விலை மலிவு, ஆனால் பக்கத்து வீட்டோடு சரி, தடித்த சுவர்கள் குறுக்கிட்டால் அதுவும் இல்லை. இரண்டாவது, சிம் அட்டை போட்ட பதக்கம். அழுத்தினால் நாம் பதிந்து வைத்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, இருபுறமும் பேச விடும். மூன்றாவது கைக்கடிகாரம், 2018-ல் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட கடிகாரத்தைப் போன்றவை, அணிந்தவர் பலமாக விழுந்தால் தாமே உணர்ந்து உதவி கோருகின்றன. ஆனால் நாள்தோறும் மின்சாரம் ஏற்ற வேண்டிய கடிகாரம் பெரியம்மாவுக்கு ஒத்து வராது.

பதக்கத்தைத் தபாலில் வரவழைத்தோம். அது வாய் திறக்கவில்லை. இரண்டாந்தலைமுறை அலைவரிசையில் மட்டுமே பேசக்கூடிய கருவி அது. நாம் போட்ட சிம் அட்டைக்கோ நான்காந்தலைமுறைதான் தெரியும். பாட்டிக்கும் பேரனுக்கும் பாஷை புரியாத கதைதான். விற்றவர் இதை எங்கும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கருவியைத் திருப்பி அனுப்பி வேறு வாங்க மூன்று வாரம் ஆயிற்று. இங்கிலாந்திலேயே இத்தகைய தொல்லை உண்டு. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிகளை அங்கே மாற்றத் தொடங்கியபோது, முதியோரின் அபாய மணிகள் சில ஊமையாகிவிட்டன. மணி வேலை செய்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் யாரையும் வலுவில் மாற்றமாட்டோம் என்று 2023 டிசம்பரில் தொலைபேசி நிறுவனங்கள் அரசாங்கத்துக்கு வாக்களிக்க நேர்ந்தது.

கருவி பேசியது. பெரியம்மா பேசவில்லை.

"ஏண்டா அப்பா, மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி எனக்கு மணி கட்டுகிறாயா?" என்று ஒரு தரம் கேட்டதோடு சரி. அடுத்த வாரம் போனபோது, பதக்கம் பூஜை அலமாரி ஆணியில் தொங்கியது. குளிக்கும்போது நனைந்துவிடும் என்று கழற்றினாராம். நனைந்தாலும் கெடாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தோம்! விழுவது குழாயடியில், மணி இருப்பது சுவாமி படத்தருகே.

நாம் கோபித்துக்கொண்டோம். பிறகு ஓர் ஆராய்ச்சியைப் படித்து வெட்கமடைந்தோம். கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்த 110 பேரை ஒரு வருஷம் கவனித்து, 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது அது. அவர்களில் விழுந்தவர்களுள் நூற்றுக்கு 30 பேர், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அழைப்பு மணி பலரிடம் இருந்தது. அப்படி நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் அதை அழுத்தவே இல்லை. ஆகவே இது பெரியம்மாவின் பிடிவாதம் மட்டும் அல்ல.

"யாரை எழுப்புவது, சொல்லு? நீ ராத்திரி பஸ் பிடித்து வருவாய். அமெரிக்காவில் அவன் வேலையை விட்டுவிட்டுக் கலங்கிப் போவான். எதற்கு?" என்றார் அவர். அப்போதுதான் நம் தவறு விளங்கியது. பதக்கத்தில் நாம் பதிந்திருந்த முதல் எண் நம்முடையது, இரண்டாவது பெங்களூர், மூன்றாவது அமெரிக்கா. விழுந்தவரைத் தூக்கக்கூடியவர் ஒருவர்கூட அதில் இல்லை.

எதிர்வீட்டில் தையல் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவரைப் போய்க் கேட்டோம். "பாட்டிக்காகவா? கேட்க வேண்டுமா?" என்றவர், உடனே ஒரு கேள்வி போட்டார்: "கூப்பிட்டால் ஓடி வருவேன். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் எப்படி நுழைவேன்?" பி.ஏ., பி.டி. படித்த நமக்கு இது தோன்றவே இல்லை! தச்சரை அழைத்துத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டுப் பொருத்தி, ஒரு சாவியை அவரிடம் கொடுத்தோம். பதக்கத்தைக் காட்டிலும் இந்தப் பூட்டுக்கே செலவு அதிகம். எண்களின் வரிசையையும் மாற்றினோம். எதிர்வீடு முதலில், அடுத்து, தெருக்கோடியில் மருந்துக் கடை வைத்திருப்பவர், அப்புறந்தான் நாம். ஆம்புலன்ஸுக்கு 108 என்றும், மற்ற அவசரங்களுக்கு 112 என்றும் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். முதியோருக்கென்று 2021-ல் நாடு முழுவதற்கும் ஏற்பட்ட 14567 ஆலோசனைக்கு உகந்தது. காலை 8 முதல் இரவு 8 வரைதான் என்பதால், விடியற்காலை விழுகிறவருக்கு அதை நம்பிப் பயன் இல்லை.

கழற்றும் பிரச்னையைத் தீர்த்தவரும் தையற்கார அம்மாளே. பெரியம்மா கழுத்தில் எப்போதும் துளசி மணிமாலை உண்டு, குளிக்கும்போதும் கழற்றமாட்டார். கறுப்பு நாடாவை வெட்டி எறிந்துவிட்டு, அந்த மாலையிலேயே பதக்கத்தைக் கோத்துக் கொடுத்துவிட்டார்.

முதல் மாதத்தில் ஒரு நாள் பெரியம்மா தூக்கத்தில் புரண்டபோது பொத்தான் அழுந்தி, நடுநிசியில் எதிர்வீடு சாவியும் கையுமாக ஓடி வந்தது. பெரியம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. மறுபடியும் ஆணிக்குப் போய்விடுமோ என்று அஞ்சினோம். "நல்லதாப் போச்சு பாட்டி, மணி அடிக்குதுன்னு இப்பத்தான் எனக்கு நம்பிக்கை" என்றாராம் அந்த அம்மாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், விளக்கேற்றிய பிறகு, பெரியம்மா பரீட்சைக்காக ஒரு தரம் அழுத்துகிறார். எதிர்வீட்டிலிருந்து "இருக்கேன் பாட்டி" என்று பதில் வருகிறது.

சென்ற வெள்ளிக்கிழமை மணி அடிக்கவில்லையென்று, அந்த அம்மாள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஓடினாராம். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து, பூக்காரியிடம் நாலணா காலத்து மல்லிகை விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.