கூத்து மாஸ்டருக்கு மறக்காதது பிள்ளைக்கு ஏன் மறக்கிறது?

மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றிவிட்டால், காமன் தகனம் முடியும்வரை தோட்டத்து லயங்களில் இரவுதோறும் தப்பு அதிரும். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய மனிதர் ரதி வேஷம் கட்டி நிற்பார். மாஸ்டரிடம் பழைய கொப்பி ஒன்று இருக்கலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு அதை யாரும் புரட்டுவதில்லை. பாட்டு பாட்டாக வந்துகொண்டே இருக்கும்.

அதே லயத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. வரலாற்றுக் குறிப்பை மூன்று தரம் எழுதிப் பார்த்தது. இரண்டு கிழமை கழித்துக் கேட்டால் விழிக்கிறது. “இதுக்கு ஞாபகசக்தி இல்ல” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். லுணுகலையைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தைத் தோட்டங்கள் என்றில்லை, மலையகம் முழுக்க இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம். என் பார்வையில் அது தவறான தீர்ப்பு. காலையும் பகலும் அந்தியும் நிறுத்த கொழுந்தின் கிலோக் கணக்கை மனதில் வைத்திருந்து, செக்ரோலில் குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் சண்டை பிடிக்கும் அம்மாவின் பிள்ளைதானே அது? கற்றுக்கொண்ட விதத்தில்தான் வித்தியாசம்.

மறதியை முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்தபின் மறுபடி படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் அவர் வெளியிட்ட நூலின்படி, ஒரு மணி நேரம் கழித்துப் படித்தால் மிச்சம் ஏறக்குறைய 44 வீதம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்தும் 21 இருந்தது. முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி உதிர்கிறது; பிறகு உதிர்வது மெதுவாகிறது. அவர் எடுத்துக்கொண்டவை பொருளற்ற அசைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். புரியாமல் உருப்போடும் குறிப்பும் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

கூத்துப் பாட்டு அப்படியல்ல. அடுத்த அடிக்கு மோனை ஒரு எழுத்தைக் காட்டிக் கொடுக்கிறது, எதுகை இன்னொன்றை. தாளம் இத்தனை அசைக்குமேல் இடம் தராது. கதையோ சிவன் கண் திறக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. இத்தனை கயிறும் ஒரே சொல்லைப் பிடித்து இழுத்தால் அது வராமல் எங்கே போகும்? வாய்மொழி மரபுகளின் நினைவாற்றலைப் பற்றி 1995இல் நூலெழுதிய டேவிட் ரூபின் இதைத்தான் விரிவாக விளக்கினார்.

பாடத்துக்கும் இப்படிக் கயிறு கட்டலாம். மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளக்கூடிய இரண்டு ஆண்டுகள் 1964, 1974. ஒன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மற்றது சிறிமா–இந்திரா ஒப்பந்தம். பெயரும் பாதி ஒன்று, எண்ணும் பாதி ஒன்று. ஒத்தவை ஒன்றையொன்று மறைக்கும் என்பது நினைவின் பழைய குணம். ஆனால் 1964இல் மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபின் 1,50,000 பேரின் கதி தீர்மானிக்கப்படாமல் நின்றது. பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தைத்தான் இரண்டாக வகுத்து ஆளுக்கு 75,000 என்றார்கள். இது விளங்கிய பிள்ளை 75,000ஐ மனப்பாடம் செய்யத் தேவையில்லை, வகுத்தால் போதும். கப்பலேறிப் போன உறவைப் பற்றி அம்மாயி சொல்வதையும் சேர்த்துக் கேட்ட பிள்ளைக்கு ஆண்டும் நழுவாது.

இனி ஒத்திகைக்கு வருவோம். மாஸ்டர் ஓரடி பாடுவார்; பழகுபவர் பார்க்காமல் திருப்பிப் பாட வேண்டும். பிள்ளையோ கொப்பியைத் திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் மாணவர்களிடம் இந்த இரண்டு முறையையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள்: 81க்கு 75 வீதம். ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42. வாசிப்பு ஏமாற்றுவது இங்கேதான். கண்ணுக்குப் பழகியதை மனம் “தெரிந்தது” என்று எடுத்துக்கொள்கிறது.

இடைவெளி விட்டுப் படிப்பதும் அப்படியே. 1978இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், தட்டச்சுப் பழகிய தபால் ஊழியர்களில் தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள், நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணித்தியாலத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நாட்கணக்கு நீண்டதால் முறையைப் பற்றி அதிகம் அலுத்துக்கொண்டவர்களும் அவர்கள்தான்!

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. படித்தபின் தூங்கியவர்களுக்குக் குறைவாகவே மறந்தது என்பது 1924லேயே பதிவாகிவிட்டது. படித்த இடத்திலேயே எழுதினால் நினைவு வரும் என்பதற்கு 1975இல் முக்குளிப்பவர்களிடம் நடந்த சோதனையைக் காட்டுவார்கள். 2021இல் அதை மீண்டும் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே பரீட்சை மண்டபத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கவனச் சிதறலுக்கு, அதுவும் படிக்கும் நேரத்துச் சிதறலுக்கு. நினைவுகூரும்போது சிதறுவதைவிட அதுவே அதிகச் சேதம் செய்கிறது. அடுத்த காம்பரா டிவி இந்தக் காம்பராவிலும் கேட்கும் லயத்தில், இதைப் பிள்ளையின் குற்றம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கூத்துக்காரரின் நினைவும் சொல்லுக்குச் சொல் சரியானதா? யூகோஸ்லாவியாவில் 1930களில் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் பாடகர்களைப் பதிவு செய்தார்கள். அந்தப் பாடகர்கள் ஓரெழுத்தும் மாறாது என்று சொல்லியே பாடினார்கள். பதிவுகளை ஒப்பிட்டால் மாறியிருந்தது. இங்கும் ஒரு தோட்டத்துக் காமன் பாட்டு அடுத்த தோட்டத்தில் அப்படியே இருப்பதில்லை. ஆனால் காமன் எரிவது எங்கும் எரிவதுதான். கதை நிற்கிறது, சொல் நகர்கிறது. வினாத்தாள் இரண்டையும் கேட்கும். ஆண்டும் பெயரும் கேட்கும் இடத்தில் கதை மட்டும் போதாது. அதற்குத்தான் கொப்பியை மூடிக்கொண்டு கேள்வி கேட்க ஒருவர் தேவை. அந்த ஆள் படித்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் கேட்கலாம். ஒத்திகையில் ஒருவர் அடி மறந்து நின்றால் மாஸ்டர் உடனே முழு அடியையும் பாடிக்காட்ட மாட்டார். தப்பை மெல்லத் தட்டி, முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.