மூக்கு நீண்டால் வாலும் நீளும்



காளையார்கோவில் ஆலயத்திற்கு இரண்டு இராஜகோபுரங்கள் உண்டு. வெளியூரார்க்கு இரண்டும் கோபுரங்களே. எங்கள் ஊர்ச் சிறுவனோ, பெரியது மருது சகோதரர் எழுப்பியது என்று வயல் வரப்பிலிருந்தே சொல்லிவிடுவான். ஒன்றுபோல் தோன்றுபவற்றைப் பிரித்தறியும் இந்தப் பழக்கத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு போர் விமானத்தைக் கொள்வோம்.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், மாணவன் ஒருவன் நெட்டியில் செதுக்கிய மாதிரி விமானத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய ஃபோக்கே-உல்ஃப் 190 அது. வேலைப்பாட்டைக் கண்டு மகிழ்ந்து பரிசும் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற சிறுவன், “ஐயா, இதற்கு மூக்கு நீளமாக இருக்கிறது, படத்தில் குட்டையாக இருக்கிறதே?” என்றான். எனக்கு விடை தெரியவில்லை. “நாளை சொல்கிறேன், தம்பி” என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு படங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இவ்விமானத்தை வடிவமைத்தவர் குர்ட் டாங்க் என்னும் பொறியியலாளர். இது முதன்முதலில் பறந்தது 1939 ஜூன் 1-ஆம் நாள். 1941-இல் போர்க்களத்திற்கு வந்தபோது, அன்றைய பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. 1942 ஜூனில் ஜெர்மன் விமானி ஒருவர் திசை தவறி வேல்ஸ் நாட்டுப் பெம்ப்ரே விமானத்தளத்தில் இதனை இறக்கிவிட்டார். அதன் பின்னரே பிரிட்டிஷார் இதன் நுட்பங்களை அருகிருந்து ஆராய முடிந்தது.

இதன் வகைகள் பல. முதலில் மூக்கைப் பாருங்கள். ‘ஏ’ வரிசை விமானங்களில் இருந்தது காற்றினால் குளிரும் பி.எம்.டபிள்யூ. 801 யந்திரம். பதினான்கு சிலிண்டர்கள் இரண்டு வட்டங்களாக அமைந்தமையால் மூக்கு பருத்துக் குட்டையாக இருக்கும். 1944-இல் வந்த ‘டி-9’ வகையிலோ, திரவத்தால் குளிரும் யூமோ 213 யந்திரம் பொருத்தப்பட்டது. அதில் பன்னிரண்டு சிலிண்டர்கள் இரு நீண்ட வரிசைகளாக நின்றன. ஆகவே மூக்கு நீண்டது. இதன் முன்முகமும் வட்டமாகத்தான் தோன்றும். ஆனால் அவ்வட்டம் குளிர்விப்பானுடையது. நேர் முகத்தைப் பார்த்து ஏமாறாமல் பக்கவாட்டில் பாருங்கள்: ஆறு புகைபோக்கிகள் ஒரே வரிசையில் இருந்தால் அது ‘டி-9’.

இனி வால். காவடியின் முன்பக்கம் நீண்டால் பின்பக்கத்தையும் நீட்டித்தானே சமன் செய்ய வேண்டும்? மூக்கு நீண்டதால் கெட்ட நிலைத்தன்மையை மீட்க, வாலுக்கு முன்னே 50 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். நிமிர்ந்த வால் தகட்டையும் அகலப்படுத்தினார்கள். ‘ஏ-8’ ஏறத்தாழ 9 மீட்டர். ‘டி-9’ 10 மீட்டருக்குச் சற்று மேல். இறக்கையின் அகலமோ இரண்டிற்கும் ஏறக்குறைய பத்தரை மீட்டரே.

எங்கள் மாணவன் நீண்ட மூக்கைச் செதுக்கினான். வாலைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டான். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட அம்மாதிரியில் பிழை ஒரு சென்டிமீட்டர்தான். ஆயினும் அவன் செய்தது எந்த நாட்டிலும் பறந்திராத விமானம்.

‘ஏ’ வரிசைக்குள்ளும் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. ‘ஏ-7’ முதல் மூக்கின் மேலிருந்த துப்பாக்கிகள் பெரிதாயின. அவற்றை மூடும் தகடு புடைத்தது. காற்றின் வேகத்தை அளக்கும் குழல் ‘ஏ-8’ வகையில் வலது இறக்கையின் நுனிக்குச் சென்றது. தரைத் தாக்குதலுக்கான ‘எஃப்-8’ வகையில் இறக்கையின் வெளிப்புறத் துப்பாக்கிகள் இல்லை. ஆனால் சில ‘ஏ-8’ விமானங்களிலும் அவற்றைக் கழற்றியிருந்தார்கள். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறாதீர்கள். இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்குத் துணைநின்ற கருவி இது என்பதையும் மறவாதீர்கள். நாம் இதைக் கற்பது போரைப் போற்றுவதற்கன்று.

இக்கதை நம் நாட்டிலும் தொடர்ந்தது. குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூர் வந்து, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் பொறியியலாளரோடு சேர்ந்து எச்.எஃப்.-24 மாருத் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17-இல் சுரஞ்சன் தாஸ் அதனை ஓட்டினார். மாருதம் என்றால் காற்று. பெயருக்கேற்ற வடிவம் அமைந்தது. ஆனால் அதற்கென எண்ணிய வலிய யந்திரம் கிடைக்கவேயில்லை. ஆர்ஃபியஸ் யந்திரங்கள் இரண்டைக் கொண்டே அது காலம் கழித்தது. 1971 போரில் இராஜஸ்தான் எல்லையில் நன்கு தொண்டாற்றிய போதிலும், எண்ணிய வேகத்தை எட்டவில்லை. ஜெர்மனியில் புதிய யந்திரம் வந்து விமானத்தின் உருவை மாற்றியது. இங்கே வராத யந்திரம் விமானத்தின் வாழ்வையே குறுக்கியது. பெங்களூரிலுள்ள விமானக் காட்சியகத்தில் மாருதைக் காணும்போது இதை நினைவுகூருங்கள்.

மறுநாள் அவ்விரு சிறுவரையும் அழைத்து, என் கவனக்குறைவை ஒப்புக்கொண்டேன். பரிசைத் திரும்பப் பெறவில்லை. கேள்வி கேட்டவனுக்கும் ஒரு பரிசு கொடுத்தேன். முன்னவன் வாலை வெட்டி, ஒரு சென்டிமீட்டர் நெட்டியை இடையில் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தான். ஏன் ஒட்டினான் என்று கேட்டவர்க்கெல்லாம் காரணத்தையும் சொன்னான். அடையாளத்தை மனப்பாடம் செய்தவன் மறப்பான். காரணத்தை அறிந்தவன் மறவான்.