சேலைக்கு மேல ஏன் சட்டை? பழைய லுங்கி, சட்டையில வீட்டிலேயே ஏப்ரன் தைப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில காசிமேடு பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்ல. வாங்கின மீனை வெட்டி, சுத்தம் செஞ்சு கொடுக்க வரிசையா பெண்கள் உட்கார்ந்திருப்பாங்க. அவங்கள்ல பலர் சேலைக்கு மேல ஆம்பளைங்க போடுற முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாங்க. தெரு கூட்டுற தூய்மைப் பணியாளர், 100 நாள் வேலைக்குப் போறவங்க, களை எடுக்கிற பெண்கள்னு தமிழ்நாடு முழுக்க இதே பழக்கம் இருக்கு.

அந்தச் சட்டை வேற எதுவும் இல்ல. வீட்டில கிடந்த துணியில கிடைச்ச ஏப்ரன்தான். அதையே கொஞ்சம் வெட்டி, ரெண்டு தையல் போட்டா இன்னும் நல்லா உழைக்கும். அதை எப்படிச் செய்வது, எந்த வேலைக்கு அது போதும், எந்த வேலைக்குப் போதவே போதாது? விரிவாகப் பார்க்கலாம்.

சட்டை என்ன வேலை செய்யுது?

முதல் வேலை, முந்தானையை அடக்குவது. குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்க்கும்போது முந்தானை சரியாது, அரிவாள்மனையில மாட்டாது. ரெண்டாவது, வெயில், தூசி, செதில், ரத்தம் எதுவும் நேரடியா உடம்பிலும் சேலையிலும் படாது. மூணாவது, வேலை முடிஞ்சதும் சட்டையைக் கழட்டிட்டு பஸ்ல ஏறலாம். பக்கத்தில உட்கார்றவங்க முகம் சுளிக்கிற நிலைமை வராது. இந்த மூணாவது காரணத்தைப் பலரும் வெளியே சொல்வதில்லை. ஆனால், அன்றாடம் சந்தைக்கு வந்து போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வடசென்னையும் வேலைத் துணியும்

வேலைக்கான துணி என்பது வடசென்னைக்குப் புதிதல்ல. கிழக்கிந்திய கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பாக உருவானதுதான் வண்ணாரப்பேட்டை. பெரம்பூர் பகுதியில் 1876-ல் பக்கிங்ஹாம் மில்லும், 1881-ல் கர்நாடிக் மில்லும் வந்தன. 'பின்னி மில்' என்று மக்கள் சொன்ன இந்த ஆலைகளின் காக்கித் துணி, சீருடைக்குப் பேர் போனது. இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-ல் சென்னை தொழிலாளர் சங்கம் உருவானது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. ஆனாலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வியாபாரம் இன்றும் களைகட்டுகிறது. நாடா, எலாஸ்டிக், பட்டன் தேவைப்பட்டால் அந்தப் பக்கம் ஒரு நடை போனால் போதும். துணி மட்டும் வீட்டு பீரோவிலேயே இருக்கும்.

எந்தத் துணி எதுக்கு?

பழைய லுங்கி, வேட்டி, பருத்திச் சேலை: சமையலறைக்கு ஏற்றது. பலமுறை துவைத்த துணி என்பதால் இனி பெரிசா சுருங்காது, சாயமும் அவ்வளவா போகாது.

ஜீன்ஸ், காக்கி பேன்ட்: மீன் வெட்டுதல், தோட்ட வேலை, பாத்திரம் தேய்த்தல் மாதிரி முரட்டு வேலைக்கு. சாதாரண தையல் மெஷினிலேயே தைக்கலாம். ஆனால் 16-ம் நம்பர் ஊசி போடணும். மெல்லிய ஊசி உடைஞ்சிடும்.

பாலியஸ்டர், நைலான்: அடுப்புப் பக்கம் வேண்டாம். தீப்பிடித்தால் இது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

துணி பருத்தியா, பாலியஸ்டரா எனத் தெரியவில்லையா? ஓரத்தில் இருந்து ரெண்டு நூலை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலானால் பருத்தி. உருகி, கெட்டியான மணி போல் சுருண்டால் பாலியஸ்டர். ரெண்டும் தெரிந்தால் அது கலப்புத் துணி. அதையும் அடுப்புக்குத் தவிர்ப்பது நல்லது.

ஒரு லுங்கி, ரெண்டு ஏப்ரன்

மூட்டின லுங்கியின் தையலைப் பிரித்து விரித்தால் சுமார் 2 மீட்டர் நீளமும், 45 இன்ச்சுக்கு மேல் அகலமும் கிடைக்கும்.

1. நீளத்தைப் பாதியாக வெட்டுங்க. ஒவ்வொரு பாதியிலும் 28 இன்ச் அகலம், 36 இன்ச் நீளத்துக்கு ஒரு துண்டு. மிச்சத்தில் நாடாவும் பாக்கெட்டும் வந்துவிடும். நைந்துபோன இடம் மார்புக்கோ வயிற்றுக்கோ வராத மாதிரி துணியைத் திருப்பி வையுங்க.

2. துண்டை நீளவாக்கில் சரிபாதியாக மடியுங்க. மேல் விளிம்பில், மடிப்பிலிருந்து 5 இன்ச் தள்ளி ஒரு குறி. திறந்த ஓரத்தில், மேலிருந்து கீழே 10 இன்ச் இறக்கி ஒரு குறி. ரெண்டையும் வளைவாக இணைத்து வெட்டினால் கை வரும் இடம் தயார்.

3. வளைவு, பக்க ஓரங்களை அரை இன்ச் வீதம் ரெண்டு மடிப்பு மடித்துத் தையுங்க. மேலேயும் கீழேயும் 1 இன்ச் மடிப்பு.

4. 3 இன்ச் அகலத்தில் மூணு பட்டை வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து நாடாவாகத் தையுங்க. ரெண்டு இடுப்புக்கு. மூணாவதை 24 இன்ச்சாக வெட்டிக் கழுத்துக்கு. நாடா சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டால் பிய்யாது.

5. பாக்கெட்டை உள்பக்கம் வையுங்க. வெளியில் வைத்தால் தண்ணீரும் செதிலும் அதில்தான் சேரும். சுருக்குப்பையில் இருக்கும் சில்லறையும் செல்போனும் உள்பாக்கெட்டில் நனையாமல் இருக்கும்.

மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் கழுத்து நாடா வலி கொடுக்கும். அதற்குப் பதிலாக ரெண்டு பட்டையைத் தோள் வழியாக முதுகில் குறுக்கே விட்டு, எதிர்ப்பக்க இடுப்பில் பட்டன் போட்டால் பாரம் தோளுக்குப் போய்விடும்.

தண்ணீர் புழங்கும் வேலையா? பருத்தி நனைந்து கனக்கும். பழைய மழைக்கோட்டையோ, டேபிள் மேல் விரிக்கும் ரெக்சினையோ வயிற்றிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் அளவுக்கு வெட்டிக்கோங்க. இதன் நடுவில் தையல் போடக்கூடாது. ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். மேல் ஓரத்தில் மட்டும் பட்டன் வைத்தால், கழட்டித் தனியாகக் கழுவலாம்.

பழைய சட்டையை என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கு: காலரை வெட்டி, அந்த விளிம்பை மடித்துத் தைத்தால் கழுத்தில் வியர்வை கசகசக்காது. கைப் பட்டியை எடுத்துவிட்டு, மணிக்கட்டில் இறுக்கம் இல்லாத எலாஸ்டிக் கொடுத்தால் கைக்குள் தண்ணீர் ஓடாது. முன்பக்கம் பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் ரெட்டிப்பு உழைப்பு.

குழந்தைகளுக்கு: சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, பட்டனை முதுகில் மாட்டினால் பெயின்டிங் வகுப்புக்கு மேல்சட்டை ரெடி. கையை மட்டும் அளவுக்குக் குறைத்தால் போதும்.

எங்கே இது போதவே போதாது?

வீட்டில் தைத்த ஏப்ரன் கறையைத் தடுக்கும். ஆபத்தைத் தடுக்காது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி பெல்ட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

லேத், கிரைண்டர், பெல்ட் ஓடும் மெஷின் பக்கம் தொங்கும் நாடாவே எமன். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடும் மெஷினில் வேலை பார்ப்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றது. அந்த உடையை நிர்வாகமே தரணும் என்றும் அதே பிரிவு சொன்னது.

வெல்டிங்குக்குத் தோல் ஏப்ரன் தேவை. நைந்த பருத்தியில் தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். ஆசிட், ரசாயனத்துக்கு அதைத் தாங்கும் ரப்பர் அல்லது பிவிசி ஏப்ரன் வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் துணி, பாதுகாப்புக்குப் பதில் பாதகம்தான் செய்யும். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே ரெண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, மீனவர்களும் தன்னார்வலர்களும் பக்கெட்டில் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள்தான் படகில் போய் அள்ளினார்கள். துணி எண்ணெயை உறிஞ்சித் தோல் மேலேயே வைத்திருக்கும். அந்த மாதிரி நேரத்தில் எண்ணெய் புகாத முழு உடை, கையுறை, பூட்ஸ் தேவை. அதைக் கொடுப்பது வேலை வாங்குபவரின் பொறுப்பு. 'வீட்ல இருந்து பழைய சட்டை கொண்டு வாங்க' என்று யாராவது சொன்னால், அது சரியான பதில் இல்லை.

மீன் வாடை போக எப்படித் துவைப்பது?

முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தக்கறை துணியிலேயே கெட்டியாகிவிடும். அலசிய பிறகு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சோப்பு போட்டு, வெயிலில் காயப்போடுங்க. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீங்க, நச்சு வாயு வரும். ஒண்ணு உடம்பில, ஒண்ணு கொடியில என மாற்றிப் போடத்தான் ஒரே லுங்கியில் ரெண்டு ஏப்ரன்.